பிலிப்பினோ பிள்ளைகளுக்குப் பரோல் பட்டறை: யோசனை தேவை

நூலகத்தோழி:
அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நூலகத்தில் டிசம்பர் முதல் வாரம் 20 பேருக்குப் பட்டறை வைக்கிறோம். பெரும்பாலும் இங்கேயே பிறந்த பிலிப்பினோ பிள்ளைகள், 8 முதல் 12 வயது. பெற்றோர் கேட்பது பரோல், அதாவது கிறிஸ்துமஸுக்கு அவர்கள் ஊரில் கட்டும் மூங்கில் நட்சத்திர விளக்கு. வாங்கித் தொங்கவிட்டால் போதாது, பிள்ளைகள் கையாலேயே செய்யணுமாம். அளவு என்ன? இரண்டு மணி நேரத்தில் முடியுமா? மாதிரிக்குச் சிப்பிப் பரோல் (சிப்பி ஓட்டில் செய்த மின்விளக்கு) ஒன்றை மணிலாவிலிருந்து வரவழைக்கலாமா?

மூங்கில்காடு:
முழுசாக முடியாது. சட்டத்தைப் பெரியவர்கள் முன்பே கட்டிவிடுங்கள், பிள்ளைகள் தாள் ஒட்டட்டும்.

ஒரு விளக்குக்கு 45 செ.மீ. மூங்கில் பிளாச்சு 10, 10 செ.மீ. குச்சி 5. ஐந்து பிளாச்சை மேலும் கீழுமாகப் பின்னினால் ஒரு நட்சத்திரம். அதேபோல் இன்னொன்று. பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் இடம் நுனியிலிருந்து 17 செ.மீ.; பென்சிலால் குறித்துக்கொண்டு பின்னினால் கோணல் வராது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்டி, நடு ஐங்கோணத்தின் மூலைகளில் குச்சிகளைக் குறுக்கே கொடுத்துக் கட்டுங்கள். நட்சத்திரம் உப்பி நிற்கும். கைவினைக் கடை மரக்குச்சி இந்தக் கட்டத்தில்தான் முறியும், அது வளையாது. காய்ந்த மூங்கிலும் முறியும். முந்தின இரவே ஊறப்போடுங்கள்.

ஊரில் 'பப்பெல் தெ ஹப்போன்' என்ற மெல்லிய தாள் ஒட்டுவார்கள். பட்டத் தாள் போதும். ஒரே தாளாகப் போர்த்தினால் சுருக்கம் விழும். முன்புறம் 5 முக்கோணம், 1 ஐங்கோணம்; பின்புறமும் அப்படியே; பக்கவாட்டில் 10 ஒடுங்கிய முக்கோணம். ஆக 22 துண்டு. பக்கவாட்டைத்தான் பலர் மறக்கிறார்கள், விளக்கு போட்டதும் உள்ளே இருக்கும் ஒயர் பல்லிளிக்கும். ஒரு துண்டை மட்டும் ஒட்டாமல் விட்டு, அந்த வழியாக பேட்டரி எல்.இ.டி. சரத்தை நுழையுங்கள். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். கீழ் முனை இரண்டிலும் தாள் குஞ்சம். அது இல்லாவிட்டால் பெற்றோர் பரோல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!

ஒயர்மேன்:
சிப்பிப் பரோல் வாங்குமுன் வோல்ட்டைக் கேளுங்கள். பிலிப்பீன்ஸில் 220, அமெரிக்காவில் 120. பிளக் இரண்டு ஊரிலும் தட்டை முள்தான், செருகினால் பொருந்திவிடும். ஆனால் விளக்கு மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. அமெரிக்காவுக்கென 110-120 வோல்ட்டில் செய்தது என்று கேட்டு வாங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம். சிப்பி எளிதில் உடையும், பெட்டியில் நிறையத் துணி சுற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

கீழைக்காற்று:
அழைப்பிதழில் "எல்லா பிலிப்பினோக்களின் பண்டிகை" என்று போட்டுவிடாதீர்கள். இக்லேசியா நி கிறிஸ்தோ சபையினர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. தெற்குத் தீவான மிந்தனாவோ பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் இருக்கலாம். அவர்களுக்கு அதே மூங்கிலிலும் தாளிலும் பட்டம் கட்டக் கொடுங்கள், தனியாகப் பொருள் வாங்க வேண்டாம். பலகை எழுதும்போதும் தகாலோகு மட்டும் வேண்டாம். இலோகானோ, செபுவானோ, கபம்பாங்கான் பேசும் வீடுகள் இருக்கும். பெயர்ப்பதிவுத் தாளிலேயே வீட்டு மொழியைக் கேட்டுவிடுங்கள், அந்த மொழியிலும் ஒரு வரி வாழ்த்து எழுதலாம்.

தேதி சரிதான். சிம்பாங் காபி என்ற ஒன்பது நாள் திருப்பலி ஊரில் டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலையில் நடக்கும். வெளிநாடுகளில் உள்ள பல ஆலயங்களில், காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்காக, 15ஆம் தேதி மாலையே தொடங்கிவிடுவார்கள். சில இடங்களில் பரோல் ஏந்தி ஊர்வலமும் உண்டு. பிள்ளைகள் தங்கள் விளக்கையே எடுத்துப்போக நினைப்பார்கள், தூக்கிப் பிடிக்க ஒன்றரை மீட்டர் கம்பும் சேர்த்துக் கொடுங்கள்.