துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தில் ஒட்டுத்துணிப் போர்வையை முடிக்க வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். இரண்டு சிறு பிள்ளைகளையும் அலுவலக வேலையையும் வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு 20 நிமிடம் கிடைத்தாலே பெரிது என்னும் நிலையில், துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த 12 அங்குலச் சதுரக் கட்டங்கள் 20 கொண்ட போர்வையைத் தொடங்கி, 9 கட்டங்களோடு நின்றுவிட்டேன். தையல் இயந்திரத்தை எடுத்துவைப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கட்டங்களின் அளவும் ஒத்துவரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
அளவு பிசகுவதற்குப் பெரும்பாலும் தையல் ஓரமே (தையலுக்கும் துணி விளிம்புக்கும் இடையே விடும் பகுதி) காரணம். கால் அங்குல ஓரம் 1 மி.மீ. கூடினாலும், இரு பக்கத் துணியும் சேர்ந்து ஒவ்வொரு தையலிலும் 2 மி.மீ. குறையும், 10 தையல்கள் உள்ள வரிசையில் அது 2 செ.மீ. ஆகிவிடும். ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி இயந்திரத் தட்டில் ஒட்டுநாடாவை ஒட்டி, அதன் விளிம்பையொட்டித் துணியைச் செலுத்துங்கள். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் அழுத்தி எடுங்கள்; இழுத்தால் துணி கோணிக்கொள்ளும்.

பதில் 2:
வெட்டும் வேலையை ஒரே நாளில் முடித்து, சேர்த்துத் தைக்க வேண்டிய துண்டுகளை ஜோடி ஜோடியாகக் குண்டூசியிட்டு வைத்துவிட்டால், நூலை இடையில் அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்துக்கொண்டே போகலாம். இயந்திரத்தை எடுக்க முடியாத நாள்களுக்கு, காகித அச்சில் துணியை மடித்துக் கையால் இணைக்கும் அறுகோணத் துண்டுகளை ஒரு சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை வரிசையில்கூட நான் தைத்திருக்கிறேன்.

பதில் 3:
எதற்கு இருபது? ஒன்பதையும் மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் 36 அங்குலச் சதுரம். குழந்தைக்கு அதுவே தாராளம்.

கேட்டவர்:
இது எனக்குத் தோன்றவே இல்லை! நாளை ஒட்டுநாடாவோடு தொடங்குகிறேன்.