மேல்சரிவில் என்ன நடுவது: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

சித்தப்பா (கோவை), காலை 7.12
எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் எமரால்டுக்கு மேலே உள்ள நம் மூன்று ஏக்கர் சரிவில் நிற்கும் சீகை மரங்களை (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம்) ஒரே தடவையில் வெட்டி எடுத்துக்கொள்ள விறகு வியாபாரி ஒருவர் தயாராக இருக்கிறார். மே மாதத்துக்குள் இடத்தைக் காலி செய்துவிட்டு, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் சரிவு முழுவதும் சோலை (நம் மலை மடிப்புகளில் இயற்கையாக வளரும் காடு) மரக்கன்றுகளை நட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

செல்வி அக்கா, 7.40
ஒரே தடவையில் வேண்டாம், சித்தப்பா. ஜூன் மழையில் மண்ணைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் மண்ணுக்குள் கிடக்கும் விதை. சீகை விதை பல பத்தாண்டுகள் சாகாமல் கிடந்து, வெயில் பட்டதும், தீப்பட்டால் இன்னும் மும்முரமாக, பாய் விரித்ததுபோல் முளைத்துவிடும்.

அத்தை, 8.05
போன வருடம் ஓடைக்கு மேலே வெட்டவெளியில் நாம் நட்ட 60 கன்றுகளில் தை பிறப்பதற்குள் ஏழுதான் மிஞ்சின. உறைபனி விழுந்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். நாவல் இலையெல்லாம் வெந்நீரில் போட்டு எடுத்த கீரைபோல் கறுத்துத் தொங்கியது. ஆனால் சீகை நிழலுக்குள் வைத்த நான்கு கன்றுகளில் ஒன்றுகூடக் கருகவில்லை.

செல்வி அக்கா, 8.11
அத்தை சொல்வதுதான் வழி. சோலைக் கன்றுக்குச் சிறு வயதில் நிழல் வேண்டும். ஆகவே ஓடையை ஒட்டிய கீழ்ப்பகுதியில் இந்த வருடம் மூன்றில் ஒரு பங்கு சீகையை மட்டும் எடுத்துவிட்டு, மீதி மரங்களின் கீழே நாவலும் செண்பகமும் நடலாம். கன்று தலை தூக்கத் தூக்க நிழலைக் குறைத்துக்கொண்டே போகலாம்.

பெரியப்பா, 8.30
கீழ்ப்பகுதிக்குச் சரி. மேல்பகுதியில் எதற்கு மரம்? நான் பள்ளிக்கூடம் போன நாளில் அங்கே ஒரு மரம் கிடையாது. இடுப்பளவுப் புல்தான், கூரை வேய அதைத்தான் அறுத்து வருவோம். சோலை என்பது ஓடை மடிப்புக்குள் மட்டும் இருந்தது. மாசியில்கூட அந்த ஓடை வற்றியதில்லை.

சித்தப்பா (கோவை), 8.34
புல் தானாக வளர்வதுதானே, அண்ணா? புல் நடப் பணம் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்களே.

செல்வி அக்கா, 8.52
தானாக வருவது கிக்குயூ என்ற வெளிநாட்டுப் புல்லும் சீகை நாற்றும்தான், சித்தப்பா. பெரியப்பா சொல்லும் பழைய புல் பாறை ஓரங்களில் தப்பியிருக்கிறது. அதன் தூரைப் பிரித்து ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 19,000 துண்டுக்கு மேல் வேண்டியிருக்கும். அத்தனைக்கு எடுத்தால் தாய்ப்புல் அழிந்துவிடும். எனவே முதல் வருடம் கால் ஏக்கர், அதாவது ஏறக்குறைய 4,800 துண்டு போதும். அந்தக் கால் ஏக்கரில் நிற்கும் சீகையை மட்டும் தரையோடு வெட்டி, வேர்க்கட்டையைத் தோண்டாமல் விட்டுவிடலாம். முளைக்கும் நாற்றை மழையில் மண் இளகியிருக்கும்போது கையால் பிடுங்க வேண்டும். இது ஒரு வருடத்தில் முடிகிற வேலை இல்லை, கூலியில் பாதியை அதற்கே ஒதுக்குங்கள்.

அத்தை, 9.03
வெட்டிய கிளைகளைச் சரிவிலேயே காயப் போட்டுவிடாதீர்கள். ஒரு பீடித் துண்டு போதும்.

செல்வி அக்கா, 9.10
கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே, ஓடையை விட்டுத் தள்ளி, சிறு சிறு வரிசையாக அடுக்கலாம். அடுத்த கோடைக்கு முன்பே எல்லையில் தீத்தடுப்புக் கோடும் வெட்டிவிட வேண்டும். இன்னொன்று, பட்டா நிலமாக இருந்தாலும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அரசு அமைத்த குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு மரத்தையும் தொடக்கூடாது. விண்ணப்பத்தைச் சித்தப்பா எழுதிக் கொடுத்தால் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

சித்தப்பா (கோவை), 9.21
எழுதி அனுப்புகிறேன். வியாபாரியிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன், அவருக்குக் கோபம்தான்.

பெரியப்பா, 9.26
ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல்பாறைக்கு வாருங்கள். கத்தி வேண்டாம். பழைய புல் எங்கெங்கே நிற்கிறது என்று காட்டுகிறேன், சுண்ணாம்பு வைத்து அடையாளம் போட்டுவிடுவோம்.