புறப்படும்போது படகு மந்தமாக இருக்கிறது: புரொப்பெல்லரில் துளையிடலாமா, புரொப்பெல்லரையே மாற்றலாமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்று உள்ளது. அதில் 115 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினும், 19 அங்குலப் பிட்ச் உள்ள மூன்று இதழ் அலுமினியப் புரொப்பெல்லரும் பொருத்தப்பட்டுள்ளன. கியர் விகிதம் 2:1. தனியாகச் செல்லும்போது முழுத் திராட்டிலில் எஞ்சின் நிமிடத்திற்கு 5,400 சுற்றுகளை எட்டுகிறது. ஜிபிஎஸ் மணிக்கு 67 கிலோமீட்டர் காட்டுகிறது. கையேட்டில் குறிப்பிட்டுள்ள வரம்பு 5,000 முதல் 6,000 வரை.

நான்கு பேர் ஏறி, எரிபொருள் தொட்டியும் நிறைந்திருந்தால்தான் சிக்கல். படகு மூக்கைத் தூக்கியபடி நெடுநேரம் நீரை உழுதுகொண்டே போகிறது. எஞ்சின் 3,000 சுற்றுகளைத் தாண்டவே திணறுகிறது. ஒருவழியாக நீரின் மேலேறிவிட்டால் அதன் பிறகு குறையொன்றும் இல்லை. புரொப்பெல்லரின் குடத்தில் (இதழ்கள் பொருந்தியிருக்கும் நடு உருளையில்) துளையிடுவது, இதழ்களின் நுனியை வெட்டி விட்டத்தைக் குறைப்பது, இதழின் விளிம்பை வளைப்பது என மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். உச்ச வேகம் சற்றுக் குறைந்தாலும் எனக்குக் கவலை இல்லை. இவற்றில் எதைச் செய்யலாம்?

பதில் 1

மூன்றில் எதையும் செய்வதற்கு முன்பு, நீங்களே கொடுத்திருக்கும் எண்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். விடை அவற்றிலேயே இருக்கிறது. பிட்ச் என்பது, நழுவலே இல்லாவிட்டால் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம். கியர் விகிதம் 2:1 என்பதால், 5,400 சுற்றுகளை 2 ஆல் வகுத்தால் புரொப்பெல்லர் நிமிடத்திற்கு 2,700 முறை சுழல்கிறது. 19 அங்குலம் என்பது 0.4826 மீட்டர். ஆகவே கணக்குப்படி மணிக்கு 78.2 கிலோமீட்டர் வர வேண்டும். நீங்கள் பெறுவது 67, அதாவது நழுவல் ஏறக்குறைய 14 விழுக்காடு. இத்தகைய படகுக்கு 10 முதல் 15 வரையிலான நழுவல் இயல்பானதே என்பதால், இதழ்கள் நீரைப் பிடிப்பதில் குறையில்லை. சுமை ஏறியவுடன் இந்தப் பிட்ச்சைச் சுழற்றும் முறுக்குவிசை தாழ்ந்த சுற்றுகளில் எஞ்சினிடம் இல்லை என்பதுதான் நோய். மேட்டில் சைக்கிளைப் பெரிய கியரில் மிதிப்பதைப் போன்ற நிலை இது.

பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் உச்சச் சுற்றுகள் சுமார் 150 முதல் 200 வரை கூடும். 17 அங்குலத்துக்கு மாறினால் தனியாகச் செல்லும்போது 5,700 முதல் 5,800 வரை எட்டுவீர்கள், வரம்பையும் மீறாது. நழுவல் மாறாது என்று கொண்டால் உச்ச வேகம் 64 கிலோமீட்டர் அளவில் நிற்கும். மூன்று கிலோமீட்டரை விட்டுக்கொடுத்து, சுமையோடு விரைவாக மேலெழும் படகைப் பெறுகிறீர்கள்.

பதில் 2

மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். எனினும் துளையிடும் முறையை ஒரே வரியில் தள்ளிவிட வேண்டாம். சில நிறுவனங்களின் புரொப்பெல்லர்கள் துளைகளோடும், அவற்றை அடைப்பதற்கான செருகிகளோடுமே வருகின்றன.

எஞ்சினின் புகை குடத்தின் வழியாக வெளியேறும் அமைப்பில் மட்டுமே இது வேலை செய்யும். குடத்தின் வெளிச்சுவரில், ஒவ்வோர் இதழின் அடியை ஒட்டி, அழுத்தம் குறைந்த உறிஞ்சும் பக்கத்தில் துளை இருக்கும். படகு மெதுவாக நகரும்போது புகை அதன் வழியே கசிந்து இதழ்களைச் சுற்றியுள்ள நீரில் கலக்கிறது. காற்று கலந்த நீர் அடர்த்தி குறைந்தது என்பதால் இதழ்கள் சற்று நழுவுகின்றன. சுமை தளர்ந்த எஞ்சின் திறன் மிகுந்த சுற்றுகளுக்கு விரைந்து ஏறிவிடுகிறது. படகு வேகம் பெற்றதும் குடத்தின் மேல் வழுக்கி ஓடும் நீர் துளைகளை மூடிவிடுவதால், புகை வழக்கம்போலப் பின்புறமாகவே போகிறது. உச்ச வேகம் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை.

ஆனால் இது இலேசான படகும் உயர்ந்த பிட்ச்சும் சேரும் இடத்துக்கு உரிய மருந்து. உங்கள் சிக்கலோ சுமையால் வருவது. பாரமேறிய படகுக்குப் புறப்படும் கணத்தில் நீரின் பிடி முழுவதும் தேவை. துளை சற்றுப் பெரிதானாலும் எஞ்சின் அலறும், படகு நகராது. இருக்கும் 19 அங்குலப் புரொப்பெல்லரில் சோதித்துத்தான் பார்ப்பேன் என்றால், மிகச் சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். எல்லாத் துளைகளும் ஒரே அளவில், ஒரே இடத்தில் அமைய வேண்டும். துளைக்கருவி உட்புற ரப்பர்ப் பகுதியைத் தொடாதவாறு ஆழத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

பதில் 3

இதழின் பின்விளிம்பை வளைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது நழுவலைக் குறைப்பதற்கானது: எஞ்சினை உயர்த்திப் பொருத்தியவர்களுக்கும், கூர்மையாகத் திரும்பும்போது மேற்பரப்பிலிருந்து காற்றை இழுத்துப் பிடியை இழக்கும் படகுகளுக்கும் பயன்படும். வளைத்தால் சுற்றுகள் 150 முதல் 300 வரை இறங்கும். ஏற்கெனவே திணறும் எஞ்சினுக்கு அதைச் செய்வது சுமைமேல் சுமை வைப்பதாகும்.

நுனியை வெட்டுவது அதைவிட மோசம். சுற்றுகள் கூடும் என்பது உண்மைதான். ஆனால் சுமையைத் தள்ளும் இதழ்ப்பரப்பையே வெட்டி எறிகிறீர்கள். கையால் அராவிய இதழ்கள் எடையில் சமமாக இருப்பதும் அரிது. அந்த அதிர்வு புரொப்பெல்லர்த் தண்டின் பேரிங்குகளையும் எண்ணெய் சீல்களையும் தின்றுவிடும். சீல் போனால் நீர் கியர்ப்பெட்டிக்குள் இறங்கிவிடும்.

பணம் செலவழிப்பதற்கு முன்பு, செலவில்லாத இரண்டைச் சரிபாருங்கள். புறப்படும்போது டிரிம் (எஞ்சினின் சாய்வு) முழுவதும் படகை நோக்கி உள்ளே இருக்க வேண்டும். பயணிகளில் இருவரை முன்பக்கம் அமர்த்திப் பாருங்கள். மூக்கு தூக்குவது கணிசமாகக் குறையும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. டிரிம் எப்போதும் உள்ளேதான் வைக்கிறேன். எடையை முன்னே நகர்த்தியதில் சிறிது முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் போதவில்லை. இரண்டு ஐயங்கள் உள்ளன. பழைய புரொப்பெல்லரையே பட்டறையில் 17 அங்குலமாக வளைத்துக்கொள்ள முடியுமா? புதிதாக வாங்குவதானால் நான்கு இதழ் சிறந்ததா?

பதில் 1

வளைக்கலாம், முறையான அச்சுகளும் சமநிலை பார்க்கும் கருவியும் உள்ள பட்டறைகள் ஓரிரு அங்குலம் மாற்றித் தருவதுண்டு. ஆனால் அலுமினியத்தைச் சூடாக்கி வளைத்தால் அதன் உறுதி குறையும். அந்தக் கூலியைப் புதிய 17 அங்குல அலுமினியப் புரொப்பெல்லருக்கே செலவிட்டுவிட்டு, இருப்பதை உதிரியாகப் படகிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

நான்கு இதழ்கள் இதழ்ப்பரப்பைக் கூட்டுவதால் சுமையோடு மேலெழுவதும், குறைந்த வேகத்திலும் மேலேயே நிற்பதும் எளிதாகும். ஆனால் கூடுதல் இதழ் எஞ்சினின் சுற்றுகளைச் சற்றுக் குறைக்கும் என்பதால், மூன்று இதழில் 17 என்றால் நான்கு இதழில் 16-ஐ ஒட்டித் தேட வேண்டும். எப்போதும் நான்கு பேரோடுதான் செல்கிறீர்கள் என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். பாதி நாட்கள் தனியாகச் செல்வீர்கள் என்றால் மூன்று இதழே போதும்.

பதில் 2

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். புதியதை மாட்டியதும் தனியாகச் சென்று, தொட்டியில் எரிபொருள் குறைவாக இருக்கும்போது முழுத் திராட்டிலில் ஒருமுறை சுற்றுகளைப் பாருங்கள். சுமையற்ற அந்த நிலையிலும் 6,000-ஐத் தாண்டாவிட்டால் பிட்ச் சரியானது. சுற்றுகள் திடீரென ஏறி, வேகம் மட்டும் கூடாமல் நின்றால், குடத்தின் உட்புற ரப்பர்ப் பகுதி வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும்: உட்குழாயிலும் வெளிக்குடத்திலும் தொடர்ச்சியாக ஒரு கோட்டை வண்ணத்தால் வரைந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், கோடு பிசகியிருந்தால் குற்றம் பிட்ச்சில் இல்லை.