புதுப்பிப்பு: ஜன்னலோரப் பெண் பார்ப்பது கடலை அல்ல

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரெட்ரிக் 1822இல் வரைந்த ‘ஜன்னலோரப் பெண்’ பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். பாய்மரத் தண்டுகள் தெரிகின்றன, ஆகவே வெளியே கடல் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். தப்பு. சுட்டிக்காட்டியவர்களுக்கு நன்றி. அது எல்பே ஆறு. அறை, டிரெஸ்டன் நகரில் ஆற்றங்கரையில் இருந்த அவருடைய ஓவியக்கூடம். முதுகு காட்டி நிற்பவர் மனைவி கரோலின். அக்கரையில் நெட்டிலிங்கம் போல உயர்ந்த பாப்லர் மரங்கள்.

கெர்ஸ்டிங் என்ற நண்பர் 1811இல் ஃப்ரெட்ரிக்கை அவருடைய பழைய ஓவியக்கூடத்தில் வரைந்த படத்தையும் தேடிப் பார்த்தேன். ஏறக்குறைய வெறும் அறை. ஜன்னலின் கீழ்ப்பாதியை அடைத்து, வெளிச்சம் மேலிருந்து மட்டும் விழும்படி வைத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் 1822 படம் எனக்குப் பிடிபட்டது: இங்கேயும் கீழ்ப்பகுதி கதவுகள்தான், ஆனால் ஒன்று திறந்திருக்கிறது. வேலைக்காக மூடி வைக்கும் இடத்தை அவள் திறந்துவிட்டாள்!

‘சோகப் படம்’ என்று நான் எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். லேசாகச் சாய்ந்து எட்டிப் பார்க்கிறாள். எனக்கு இப்போது அது ஆர்வமாகத்தான் படுகிறது. ஜன்னல் சட்டம் சிலுவை, ஆறு மரணம் என்றெல்லாம் விளக்கம் சொல்வோர் உண்டு. சரி, இருக்கட்டும்.

அப்புறம், அளவு கேட்டவருக்கு: உயரம் அரை மீட்டர்கூட இல்லை. படம் பெர்லினில், ஆல்ட்டே நேஷனல்கேலரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.