ஈட்டி மரத்தில் கொத்து வேலை செய்த பழைய நாற்காலி: மெஷின் போட்டு இழைக்கலாமா?

முற்றம்:
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய கை வைத்த ஈட்டி மர நாற்காலி. முதுகில் கொடி, நடுவில் தாமரை, கைகளின் நுனியில் சுருள் என்று எல்லாமே உளி வேலை. பிரம்பு கிழிந்திருக்கிறது, இடது கை ஆடுகிறது, பாலிஷில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. மெஷினில் தேய்த்து மெலமைன் பூச்சு அடித்தால் புதுசாகிவிடும் என்கிறார் ஆசாரி. சரிதானா?

உளிச்சத்தம்:
தயவுசெய்து மெஷினை அண்டவிடாதீர்கள். இதழ் விளிம்பில் உளி விட்ட கூர், உப்புத்தாள் நாலு முறை ஓடினாலே மழுங்கிவிடும். குழிக்குள் படிந்த கருமைதான் தாமரையை எடுத்துக் காட்டுகிறது. அதுவும் போனால் வேலைப்பாடு சப்பையாகத் தெரியும். போனது திரும்பாது.

முதலில் பூச்சு என்னவென்று பாருங்கள். சட்டத்தின் அடியில், கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் யாரோ பின்னால் லாக்கர் பூச்சு அடித்திருக்கிறார்கள்.

அரக்கு என்றால் வெள்ளைத் திட்டு ஈரத்தால் வந்தது. மெல்லிய துணியில், விரலுக்குச் சில்லென்று படும் அளவு மட்டும் ஸ்பிரிட் எடுத்து, விசிறினாற்போல் நிற்காமல் தடவிக்கொண்டே போங்கள். பெரும்பாலும் மறைந்துவிடும். ஒரே இடத்தில் கை நின்றால் பூச்சு பெயர்ந்து வரும். குழியில் உள்ள எண்ணெய் அழுக்குக்கு மினரல் டர்பன்டைனும் பழைய பல் பிரஷும் போதும். டர்பன்டைன் அரக்கைக் கரைக்காது. பிறகு 1 லிட்டர் ஸ்பிரிட்டில் 120 கிராம் அவலரக்கை (அவல் போல் செதிலாக வரும் அரக்கு) ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, மெல்லிசாக மூன்று கோட். மழை நாளில் அடித்தால் புதுப் பூச்சும் வெளுக்கும்.

கழுந்து:
ஆடும் கைக்கு ஆணியோ ஸ்க்ரூவோ வேண்டாம், ஈட்டி வெடித்துவிடும். குறுக்கே மர ஆணி இருந்தால் முதலில் அதை எடுங்கள். பழைய ஒட்டு வச்சிரமாகத்தான் (தோல், எலும்பைக் காய்ச்சிய பசை) இருக்கும். சிரிஞ்சில் வெந்நீர் ஏற்றினால் இளகும். சுற்றியுள்ள பாலிஷில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுந்திலும் (துளைக்குள் நுழையும் முனை) துளையிலும் இருக்கும் பழைய வச்சிரத்தை முழுக்கச் சுரண்டாமல் மேலே ஃபெவிகால் விட்டால் பிடிக்காது, மறுபடி ஆடும். புது வச்சிரத்தைச் சூட்டுப் பாத்திரத்தில் 60 டிகிரியில் இளக்குங்கள்; கொதித்தால் பலம் போய்விடும். கழுந்து தொளதொளத்தால் ஈட்டிச் சீவல் ஒட்டிப் பருமனாக்கிக்கொள்ளலாம். கயிறு போட்டு முறுக்கி ஒரு நாள் விடுங்கள். சுருள் நசுங்காமல் இருக்கக் கயிற்றுக்கு அடியில் துணி.

பிரம்புக்கூடை:
பிரம்புக்கு முன் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்ன வட்டத் துளையும் கீழே வெளிர் மாவும் தெரிந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. வைரம் பாய்ந்த பகுதியை அது தொடாது, ஓரத்து வெள்ளை மரத்தைத்தான் தின்னும். பூச்சி மருந்தைப் பாலிஷ் மேல் பூசினால் இறங்காது. துளைக்குள் ஊசியால் ஏற்றவேண்டும்.

சட்டத்தில் ஓட்டைக்கு ஓட்டை அரை அங்குலம் என்றால் 2.25 மி.மீ. பிரம்பு, முக்கால் அங்குலம் என்றால் 3 மி.மீ. வெந்நீரில் 20 நிமிடம் ஊறட்டும். நெடுக்கு, குறுக்கு, மீண்டும் நெடுக்கு, அதன் ஊடாகப் பின்னும் குறுக்கு, இரண்டு மூலைவாட்டம், கடைசியில் ஓரக்கட்டு. ஈரத்தில் விறைப்பாக இழுக்காதீர்கள். காயும்போது தானே இறுகும். ரெடிமேட் பிரம்பு வலைக்கு ஒத்துக்கொள்ளவேண்டாம். அதற்குச் சட்டத்தில் பள்ளம் தோண்டவேண்டும், வரிசை ஓட்டை உள்ள சட்டம் அந்த இடத்திலேயே பிளந்துவிடும்.