தடித்த இதயத் தசை: குடும்பத்தோடு எங்கே காட்டுவது?

மதுரையிலிருந்து எழுதுகிறேன். மார்ச்சில் மாடிப்படி ஏறும்போது தம்பி மயங்கி விழுந்தான், வயது 36. எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் நடுச்சுவர் தடிமன் 21 மி.மீ. ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதியாம், அதாவது இதயத் தசை தடித்துப்போகும் நோய். அப்பா 41 வயதில் வயலிலேயே சுருண்டு விழுந்து போய்விட்டார். மாரடைப்பு என்றே இத்தனை வருஷம் நம்பியிருந்தோம்.

எனக்கு இசிஜியில் டி அலை தலைகீழ், எக்கோவில் 13 மி.மீ. ஒரு டாக்டர் நார்மல் என்றார். இன்னொருவர், இந்த நோய் என்று சொல்லப் பொதுவாக 15 இருக்கணும், ரத்த உறவில் யாருக்காவது நோய் இருந்தால் 13 போதும் என்றார். தம்பியின் மரபணு ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்', அதாவது நோய்க்குக் காரணம் அதுதானா என்று சொல்ல முடியாதாம். அதை வைத்துப் பிள்ளைகளைச் சோதித்துப் பயனில்லையாம்.

மகனுக்கு 11 வயது, எக்கோ சரிதான். ஆனாலும் கபடிக்கு அனுப்ப மனசு வரவில்லை. அவன் ஜெர்சி ஆணியிலேயே தொங்குகிறது.

கார்டியாக் எம்ஆர்ஐ, மரபணு ஆலோசனை இரண்டும் சேர்த்துக் குடும்பத்தையே பார்க்கும் இடம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது, நேரில் போய்வந்தவர்கள் சொல்வீர்களா?