மறு: இருப்பிடமா, அமைவிடமா, நிற்பிடமா?

எல்லோருக்கும் வணக்கம்,

வேலைத்தள அரட்டைச் செயலியின் தமிழாக்கம் 'லொக்கேஷன்' என்ற சொல்லில் வந்து தட்டி நிற்கிறது. பதுளை டீச்சர் தந்த 'அமைவிடம்' புவியியல் பாடத்துச் சொல். இலங்கையின் அமைவிடம், துறைமுகத்தின் அமைவிடம் என்று அசையாதவற்றுக்குத்தான் அதைப் படித்தோம். 'இருப்பிடம்' அதைவிடச் சிக்கல். "உங்கள் இருப்பிடத்தை அறியலாமா?" என்று போன் கேட்டால் எங்கள் மலையகப் பக்கத்தில் வீட்டு விலாசம் என்றுதான் எடுப்பார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிற ஆட்களுக்கு விலாசமும் தோட்ட ஆபீஸைச் சுற்றித்தான் வரும், அது வேறு கதை. செயலி கேட்பது இந்த நிமிடம் ஆள் எங்கே என்பதை.

ஆகவே 'நிற்பிடம்' என்று வைப்போம். இருப்பு இருப்பிடமானால் நிற்பு நிற்பிடமாகக் கூடாதா?

அரட்டைச் செயலிக்கு இது எதற்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒன்று, அவசர அழைப்பு. அமெரிக்காவில் அலுவலகத் தொலைபேசி மென்பொருளிலிருந்து 911ஐ அழைத்தால் அழைப்பவர் நிற்கும் இடமும் சேர்ந்து போகவேண்டும் என்பது சட்டம். மற்றது வைஃபை. சுற்றியுள்ள ரவுட்டர்களின் அடையாள எண்களை வைத்தே ஒருவர் எங்கே என்று கணித்துவிடலாம். அதனால்தான் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து அந்த எண்களைப் படிக்க வரும் செயலியும் லொக்கேஷன் அனுமதி கேட்கிறது. ஜீபிஎஸ் இல்லாத மடிக்கணினியிலும் அந்தக் கேள்வி வருவது இதனால். அலுவலக வைஃபையில் இணைந்ததும் வேலை செய்யும் இடத்தைத் தானாகவே காட்டும் வசதியைத் தன் வேலைத்தள அரட்டைச் செயலியான டீம்ஸுக்கு மைக்ரோசொப்ட் 2025இல் அறிவித்தபோது கிளம்பிய சத்தம் நினைவிருக்கும். இப்படி ஒரு பொத்தானுக்குக் குழப்பமான பெயர் வைத்தால் பாதிப்பு வேலை செய்கிறவருக்குத்தான்.

உட்பிரிவுகளில் எனக்குத் தயக்கமில்லை. அண்ட்ரொய்ட் 12 (2021) லொக்கேஷன் அனுமதியைத் துல்லியமானது, கிட்டத்தட்டவானது என்று இரண்டாகப் பிரித்தது. இரண்டாவதற்கு இந்தியப் பக்கம் 'தோராயம்' என்பார்கள். நமக்குக் கணக்குப் பாடத்திலிருந்தே 'அண்ணளவு' இருக்கிறது. அண்ணளவு நிற்பிடம் என்றால் சுமார் 3 சதுர கிலோமீற்றருக்குள்; ஆள் தோட்டத்தின் மேல் டிவிஷனிலா கீழ் டிவிஷனிலா என்று அதில் பிரித்தறிவது கஷ்டம். பலருக்கு அதுவே போதும். அண்ட்ரொய்ட் 11இல் வந்த ஒருதடவை அனுமதிக்கு 'இம்முறை மட்டும்' என்று வைக்கலாம். காலையில் வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுப்பது மாதிரி அது. 'எப்போதும்' என்பதோ கங்காணி நாள் முழுக்கப் பின்னாலேயே வருவது. நடுவிலுள்ளது 'பாவிக்கும்போது மட்டும்'. இங்கே 'பயன்படுத்தும்போது' வேண்டாம், பொத்தானில் இடமும் போதாது.

– ஹட்டன்

தம்பி,

அண்ணளவுக்கு நூறு புள்ளி. நிற்பிடம் எனக்குப் பஸ் தரிப்பிடம் மாதிரித்தான் கேட்கிறது. ரயிலில் போகிற ஆள் எங்கே நிற்கிறார்? அதோடு 'அனுமதி' என்பதையும் பாருங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் பற்றிய தரவையும் தனிப்பட்ட தரவாகத்தான் எண்ணுகிறது. அப்படியிருக்க 'சம்மதம்' என்பதல்லவா கனமான சொல்?

– பதுளை

டீச்சர்,

நானுஓயா ரயிலில் இருப்பவரிடம் போனில் "எங்க நிக்கிறீங்க?" என்றுதானே கேட்கிறோம்? "கொட்டகலை தாண்டிட்டோம்" என்று பதிலும் வருகிறது. ஓடுகிற ரயிலையும் அந்த 'நிக்கிறீங்க' தாங்கிக்கொள்கிறது.

சம்மதத்தைச் சட்டத்துக்கே விட்டுவைப்போம். கம்பனி நீட்டும் கடதாசியில் கையெழுத்துப் போடுவது சம்மதம். வேலை போய்விடுமோ என்ற பயத்திலும் அதைப் போடுவார்கள், போட்டபின் கடதாசி அவர்களிடம். போனில் உள்ள சுவிட்ச் வேறு. சொந்தப் போன் என்றால் இரவு எட்டு மணிக்கு அதை நானே அணைக்கலாம். தோட்டத்தில் அனுமதி என்பது நாம் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்க் கேட்பது. இங்கே மென்பொருள் நம்மிடம் வந்து கேட்கிறது. அந்தச் சொல் நம் பக்கம் வந்திருக்கும்போது மாற்றுவானேன்?

– ஹட்டன்

சரி தம்பி, ரயிலில் தோற்றேன். நிற்பிட அனுமதி இருக்கட்டும். ஆனால் வட்ஸ்அப்பின் 'லைவ் லொக்கேஷ'னுக்கு என்ன? 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று தெரிவு. 8 மணி என்பது சரியாக ஒரு வேலைநாள், கவனித்தீர்களா? வெளிக்கள உத்தியோகத்தர்களின் குழுக்களில் அதைத்தான் போடச் சொல்வார்கள். 'நேரலை நிற்பிடம்' என்றால் கிரிக்கெட் ஒளிபரப்பு மாதிரி இருக்கிறது.

– பதுளை

'தொடர் நிற்பிடம்' என்று போட்டுக் கோப்பை ஏற்றியிருக்கிறேன். நேரம் முடிந்ததும் தானாக நிற்கும் என்பதைப் பொத்தானின் கீழே சின்ன எழுத்தில் சேர்த்தேன். முடியுமுன் நிறுத்தும் பொத்தானுக்கு 'பகிர்வதை நிறுத்து' என்று இருக்கிறது. 'நிற்பிடம்', 'நிறுத்து' இரண்டும் ஒரே திரையில் இடிக்கிறதா என்று போனில் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

– தலவாக்கலை